வயிற்றில் இருந்த வாரிசு

தபால்காரர் நீட்டிய பார்சலை அம்மா வாங்க மறுத்துவிட்டாள். எங்கள் ஊரான கம்பத்தில், எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு சவூதியிலிருந்தோ துபாயிலிருந்தோ பார்சல் வரும். எங்களுக்கு அங்கே யாரும் கிடையாது. வந்ததோ ஐரோப்பாவிலிருந்து. வேறு யாருக்கோ வந்தது வழிமாறி வந்துவிட்டது என்று அவள் நினைக்கவில்லை. என் பெயர் தெளிவாக எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் பயந்துபோனாள். மூன்று வாரத்துக்கு முன்னால் நான் ஒரு இங்கிலீஷ் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு ஃபேக்ஸ் அனுப்பியது அவளுக்குத் தெரியும்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. உத்தமபாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் காலை வகுப்பு எடுத்துவிட்டு மதியம் பஸ் பிடித்து வீட்டுக்கு வருவேன். அன்றைக்கு வாசலிலேயே மறித்துச் சொன்னாள்.

"உன் பேருக்குச் சீமையிலிருந்து ஒண்ணு வந்துச்சு. நான் கையெழுத்துப் போடல. போஸ்டாபீசுலயே கிடக்கட்டும்னு சொல்லிட்டேன்."

நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பி ஓடினேன். தபால் ஆபீஸ் மூடுவதற்கு இன்னும் நேரம் இருந்தது, ஆனாலும் ஓடினேன். முக்காடு நழுவுவதைத் தூக்கிவிட்டுக்கொண்டே ஓடினேன். கவுன்டரில் இருந்தவர் அடையாள அட்டை கேட்டார், கையெழுத்துக் கேட்டார், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். சிடி என்றேன். பாட்டா, படமா என்றார். இரண்டும் இல்லை என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு அனுமதி கிடையாது.

உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் உறையில் ஒரே ஒரு சிடி இருந்தது. அட்டை இல்லை, படம் இல்லை. மார்க்கர் பேனாவால் ஒரு எண் மட்டும் கிறுக்கியிருந்தது. உலகத்தில் இன்னும் எந்தக் கடைக்கும் போகாத ஒரு விளையாட்டு அதில் இருந்தது.

மத்தியகால ஐரோப்பாவை வைத்துச் செய்த விளையாட்டு அது. வாளெடுத்துச் சண்டை போடுகிற வகை அல்ல. நீங்கள் ஒரு பிரபு. உங்களுக்கு ஒரு நிலம், ஒரு கோட்டை, ஒரு குடும்பம். பெண் பார்க்க வேண்டும், பிள்ளை பெற வேண்டும், மன்னருக்கு விசுவாசமாகவோ அப்படி நடித்துக்கொண்டோ இருக்க வேண்டும். நீங்கள் செத்தால் ஆட்டம் முடியாது, உங்கள் வாரிசாக மாறித் தொடர்ந்து ஆடுவீர்கள். இப்படியே அப்பன், மகன், பேரன் என்று நூற்றாண்டுகள் ஓடும். அது கடைக்கு வர இன்னும் மூன்று மாதம் இருந்தது. அதற்கு முன்னால் ஆடிப் பார்த்து, தப்பு எங்கே இருக்கிறது என்று சொல்வதற்காக உலகம் முழுக்கக் கொஞ்சம் பேரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதில் ஒருத்தி நான்.

இது எப்படி நடந்தது என்று எனக்கே சரியாகப் பிடிபடவில்லை. கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றோடு இலவசமாக வந்த சிடியில் அதே நிறுவனத்தின் பழைய விளையாட்டு ஒன்று மாதிரிக்கு இருந்தது. இருபது வருட ஆட்சிக்கு மேல் அதில் ஆட முடியாது. அந்த இருபது வருடத்தையே நான் திரும்பத் திரும்ப ஆடினேன். பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, அவர்களுடைய வலைத்தளத்தில் ஆட்டக்காரர்கள் பேசிக்கொள்ளும் பகுதியில் எழுத ஆரம்பித்தேன். வீட்டிலேயே பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டு போய், ஒரு மணி நேரத்துக்குள் அடித்துவிட்டு வருவேன். ஒருநாள் புது விளையாட்டைச் சோதிக்க ஆள் வேண்டும் என்று அறிவித்தார்கள். விண்ணப்பத்தில், மத்தியகாலத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று ஒரு கேள்வி இருந்தது. மற்றவர்கள் பக்கம் பக்கமாக வரலாறு எழுதியிருப்பார்கள். நான் எழுதியது இவ்வளவுதான்: "எதுவும் தெரியாது. ஆனால் பெரிய குடும்பங்களைப் பற்றித் தெரியும். என் அப்பாவோடு பிறந்தவர்கள் ஏழு பேர்."

இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. நான் கத்திய கத்தலில் பிரவுசிங் சென்டர் அண்ணன் எழுந்து வந்து என் கம்ப்யூட்டரில் வைரஸா என்று பார்த்தார்.

அன்று மதியமே சிடியைப் போட்டேன். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் காலேஜில் எனக்கு முன்னால் படித்த ஒருவரிடமிருந்து வாங்கிய பழைய மெஷின். விளையாட்டு திறக்க அது எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் தொழுதுவிட்டு வந்து, சோறும் சாப்பிட்டுவிட்டேன். வந்து பார்த்தால் திரை முழுக்கப் பழைய தோல் நிறத்தில் ஒரு வரைபடம். நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன நிலங்கள். ஒவ்வொன்றையும் தொட்டால் ஒரு முகம், ஒரு பெயர், ஒரு குடும்பம். எந்த நாட்டை எடுப்பது என்று தெரியாமல் வரைபடத்தில் அலைந்தேன். கடைசியில் ஆல்ப்ஸ் மலைக்குக் கீழே, இரண்டு பக்கமும் மலை அடைத்து நடுவில் ஒரு ஆறு ஓடுகிற ஒரு சின்ன நிலத்தை எடுத்தேன். ஜன்னலைத் திறந்தால் நானும் அதைத்தானே பார்க்கிறேன் என்று தோன்றியது.

கம்ப்யூட்டர் இருந்தது முன்னறையில். அம்மா சேலையும் நைட்டியும் எடுத்துவந்து விற்பதும் அதே அறையில்தான். துணியை மடித்தபடி என் முதுகுக்குப் பின்னால் நின்றவள் திரையில் இருந்த முகத்தைக் காட்டி, யார் இந்த ஆள் என்றாள். இவர்தான் நான் என்றேன்.

"நீயா? மீச வச்சிருக்கு."

"பிரபும்மா. இந்த ஊருக்கே பெரியவரு."

"பெரியவருங்கிற, பக்கத்துல பொண்டாட்டிய காணோம்?"

இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்றேன். முப்பத்தோரு வயதாகிறது என்றும் சொன்னேன். அம்மா மடித்த சேலையைக் கட்டிலில் போட்டுவிட்டு முக்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

அப்போதுதான் நான் கையெழுத்துப் போட்டு ஃபேக்ஸில் அனுப்பிய ஒப்பந்தம் ஞாபகம் வந்தது. யாருக்கும் காட்டக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது என்று நான்கு பக்கத்துக்கு எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். உடனே திரையை அணைத்தேன். மறுநாள் பிரவுசிங் சென்டரில் போய் அவர்களுக்கு எழுதினேன். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குக் கதவு இல்லை, என் அம்மா பார்ப்பதைத் தடுக்க முடியாது, என்ன செய்யட்டும் என்று கேட்டேன். நீக்கிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. பதில் அடுத்த நாளே வந்தது. உங்கள் அம்மா தாராளமாகப் பார்க்கலாம், ஆனால் அவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

நான்கு பக்கத்தையும் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். சொத்து எதையும் எழுதிக் கொடுக்கவில்லையே என்று இரண்டு முறை கேட்டாள். பிறகு அந்த ஒப்பந்தத்தின் கடைசியில், அச்செழுத்துப் போல ஒவ்வொரு எழுத்தாக, தமிழில் தன் பெயரை எழுதினாள். பிரவுசிங் சென்டர் அண்ணனின் ஃபேக்ஸ் மெஷின் அதை இழுத்துக்கொண்டது. ஏலக்காய் வியாபாரிகளின் பில்லைத் தவிர இந்த மெஷினில் வேறெதுவும் வெளியூர் போனதில்லை என்று சொல்லிவிட்டு, அவரும் அந்தக் காகிதம் உள்ளே போவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்கப்புறம் என் ஆட்டம் அம்மாவின் ஆட்டம் ஆகிவிட்டது.

பெண் பார்க்கிற பட்டியல் ஒன்று அதில் வரும். பெயர், வயது, குணம், தகப்பன் யார் என்று இருக்கும். நான் நேராக ஒரு மன்னரின் மகளைக் காட்டினேன். அம்மா வேண்டாம் என்றாள். பெரிய இடத்துப் பெண் வந்தால் நம்முடைய பேச்சு எடுபடாது என்றாள். பக்கத்து நிலத்துச் சின்னப் பிரபு ஒருவருக்கு ஐந்து பெண்கள், ஒரு பையன். பையனுக்கு நோஞ்சான் உடம்பு என்று குறிப்பு போட்டிருந்தது. அம்மா அதை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மூத்த பெண்ணின் முகத்தில் விரலை வைத்தாள். ஏன் என்றேன். அந்தப் பையன் தேறமாட்டான், பிறகு அந்த நிலம் மூத்தவளின் பிள்ளைக்குத்தானே வரும் என்றாள். நான் அந்த நிறுவனத்தின் விளையாட்டை மூன்று வருடமாக ஆடுகிறேன். ஒரு தடவைகூட எனக்கு அது தோன்றியதில்லை.

பதினெட்டு வருடம் கழித்து, அதாவது எங்கள் கணக்கில் மறுநாள் மதியம், அந்தப் பையன் பிள்ளை இல்லாமல் செத்தான். அவனுடைய நிலம் எங்கள் மகனுக்கு வந்தது. ஒரு சண்டை இல்லை, ஒரு படை நகரவில்லை, வரைபடத்தில் எங்கள் நிறம் ஒரே நொடியில் இரண்டு மடங்கு விரிந்தது. நானும் அம்மாவும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு குதித்தோம். நைட்டி பார்க்க வந்த பக்கத்து வீட்டு மாமி வாசலிலேயே நின்று, என்ன விசேஷம், பெண்ணுக்கு இடம் அமைந்துவிட்டதா என்று கேட்டார். அம்மா வேகமாக எழுந்து திரையின் மேல் ஒரு சேலையைப் போட்டு மூடினாள். ஒப்பந்தத்தை என்னைவிட அவள் மதித்தாள்.

தப்புகளும் ஏராளமாக வந்தன. செத்துப்போன தளபதி படையை நடத்திக்கொண்டு போனான். ஒருத்தி தன் மகனைவிட இரண்டு வயது இளையவளாக இருந்தாள். நூற்று முப்பது வயதுப் பிரபு ஒருவர் சாகவே மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். அம்மா அவருக்கு மட்டும் சலாம் சொல்வாள். துறைமுகத்தில் கொள்ளைநோய் வந்தால் போதும், விளையாட்டு மொத்தமாக அணைந்துவிடும். எந்த வருடம், எந்த மாதம், என்ன செய்துகொண்டிருந்தோம் என்று நோட்டில் குறித்து வாராவாரம் அனுப்பினேன். அவர்கள் திருத்தி அனுப்புவதை பிரவுசிங் சென்டரில் இறக்கி, துண்டு துண்டாக வெட்டி எட்டு ஃபிளாப்பியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். வீட்டுக்கு வந்தால் ஆறாவது ஃபிளாப்பி திறக்காது. திரும்ப ஓடுவேன். அந்த மாதங்களில் நான் நடந்ததைவிட ஓடியதுதான் அதிகம்.

அந்தச் சம்பவம் நடந்தது எங்கள் நான்காவது தலைமுறையில்.

இருபத்தாறு வயதுப் பிரபு. நல்லவன், பொறுமைசாலி. அம்மாவுக்கு அவன்மேல் தனிப் பிரியம். அவன் மனைவி ஐந்து மாதக் கர்ப்பம் என்று திரையில் ஒரு சின்ன அடையாளம் காட்டியது. பனிக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது, பத்தே நாளில் போய்விட்டான். உடனே திரையில் அவன் முகம் மறைந்து வேறொரு முகம் வந்தது. அவனுடைய தம்பி. பேராசைக்காரன் என்று அவன் பெயருக்குக் கீழேயே போட்டிருக்கும். அண்ணனுக்கு எதிராக இரண்டு முறை சதி செய்தவன்.

"இவன் எதுக்கு வந்தான்?" என்றாள் அம்மா.

"இவன்தாம்மா வாரிசு. இனிமே நாமதான் இவன்."

நான் ஆட்டத்தை ஓட்டினேன். நான்கு மாதம் கழித்து ஒரு செய்தி வந்தது: செத்துப்போனவனின் மனைவிக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. தொட்டுப் பார்த்தேன். அந்தக் குழந்தைக்கு நிலம் இல்லை, பட்டம் இல்லை. சித்தப்பனின் அரண்மனையில் ஒட்டிக்கொண்டு கிடக்கிற பத்துப் பதினைந்து பேரில் ஒருவனாக அதன் முகம் இருந்தது.

"நிறுத்து புள்ள," என்றாள் அம்மா.

நிறுத்தினேன்.

"வயித்துல புள்ள இருக்குன்னு தெரியும்ல? தெரிஞ்சும் எப்படித் தூக்கிக் குடுத்தாக?"

விளையாட்டு அப்படித்தான் அமைந்திருக்கிறது என்று சொன்னேன். அவள் முகம் சிவந்திருந்தது. முக்காலியைவிட்டு எழுந்து போனவள், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து நின்றுகொண்டே சொன்னாள். என் அத்தா மௌத்தானபோது, அதாவது அப்பா இறந்தபோது, நான் அவள் வயிற்றில் ஐந்து மாதம். இது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததை அன்றுதான் முதல் தடவையாகச் சொன்னாள். நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடித்துவிட்டு ஆண்கள் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து அத்தாவின் திராட்சைத் தோட்டத்தைப் பங்கு போடுவது பற்றிப் பேசியிருக்கிறார்கள். பிள்ளை இல்லாத மௌத்து என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கதவுக்குப் பின்னால் இருந்த அம்மாவுக்கு அப்போது இருபது வயது. அதுவரை அத்தாவின் அண்ணனான பெரியத்தா முன்னால் வாய் திறந்ததே இல்லை.

"நான் உள்ள இருந்தே சொன்னேன். என் வயித்துல இருக்கதையும் ஒரு ஆளாச் சேத்துக்கங்கன்னேன். அப்புறம் ஓத வந்த பள்ளிவாசல் அசரத்துதான் சொன்னாக, அந்தப் புள்ள சொல்றதுதான் சட்டம், அது பொறக்குற வரைக்கும் யாரும் தொடக் கூடாதுன்னு."

அம்மா அப்படி நின்றுகொண்டிருந்ததை என்னால் மறக்க முடியாது. ஒரு கையில் மடிக்காத நைட்டி, இன்னொரு கை திரையில் இருந்த அந்தச் சித்தப்பனை நோக்கி நீண்டிருந்தது. இதை அவர்களுக்கு எழுது என்றாள்.

எழுதினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மூன்று பக்கம் எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. வாரிசு விதிகளை வகுத்தவரே எழுதியிருந்தார். இது தவறு அல்ல, அப்படித்தான் திட்டமிட்டிருக்கிறோம், சுட்டிக்காட்டியதற்கு நன்றி என்று மூன்றே வரி. எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். அவள் அசரவில்லை. முதலில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், திரும்ப எழுது என்றாள்.

இந்த முறை சோதனை செய்கிறவர்கள் எல்லாரும் படிக்கிற பக்கத்தில் எழுதினேன். ஒரு பிரபு இறந்தால் பிறக்காத பிள்ளைக்காக ஏன் காத்திருக்கக் கூடாது என்று கேட்டேன். எங்கள் வீட்டில் அது நடந்திருக்கிறது, அந்தப் பிள்ளை நான்தான் என்று எழுதினேன். இவ்வளவு சொந்த விஷயத்தை முகம் தெரியாதவர்களிடம் நான் சொன்னதே இல்லை.

மறுநாள் போய்ப் பார்த்தால் அதற்குக் கீழே பதினேழு பதில்கள். எந்த நாட்டிலோ வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவர், ஐரோப்பாவிலும் இது நடந்திருக்கிறது என்று எழுதியிருந்தார். ஒரு மன்னர் இறந்தபோது அரசி கர்ப்பமாக இருந்தாராம். நாடே காத்திருந்ததாம். குழந்தை பிறந்து சில நாள்தான் உயிரோடு இருந்ததாம், ஆனால் அந்தச் சில நாளும் அதுதான் மன்னர். வேறு பலர் ஆமாம் ஆமாம் என்று எழுதியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் விதிகளை வகுத்தவரின் ஒரு வரி: வெளியீட்டுக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது, ஆனால் முயற்சி செய்கிறேன், உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம்.

நான் அந்த வரியைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பிறகு மூன்று வாரம் வந்த திருத்தங்கள் எதிலும் அந்த மாற்றம் இல்லை. ஆடிக்காற்று கிளம்பிவிட்டது. மலையிலிருந்து இறங்கி வந்து தகரத்தையெல்லாம் பிய்க்கிற காற்று. ஊரில் டெலிபோன் வயர் அறுந்து இரண்டு நாளாக பிரவுசிங் சென்டர் மூடிக் கிடந்தது. அந்த இரண்டு நாளும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவிடம் சொல்லிக்கொண்டு தேனிக்கு பஸ் ஏறினேன். சின்னமனூர் தாண்டி ஒரு மரம் விழுந்து கிடந்ததால் பஸ் முக்கால் மணி நேரம் நின்றது. தேனியில் இறங்கி, கண்ணில் பட்ட முதல் பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்து மெயிலைத் திறந்தேன். புதிய பதிப்பு வந்திருந்தது. என்னென்ன மாற்றியிருக்கிறோம் என்ற பட்டியல் நீளமாக இருந்தது. கொள்ளைநோய் வந்தால் விளையாட்டு அணைந்துபோவது சரிசெய்யப்பட்டது. முப்பத்து எட்டாவது வரியில் இருந்தது: பிரபு இறக்கும்போது மனைவி கர்ப்பமாக இருந்தால் வாரிசுரிமை பிள்ளை பிறக்கும் வரை நிறுத்திவைக்கப்படும்.

அந்த வரியை நான்கு தடவை படித்தேன். பக்கத்தில் ஒரு பையன் பரீட்சை ரிசல்ட் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் நல்ல மார்க் போல, இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். ஃபிளாப்பியை நம்பாமல், சிடியிலேயே எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். திரும்பும் வழி முழுக்க அதை மடியில் கண்ணாடிச் சாமான் மாதிரி பிடித்திருந்தேன்.

அம்மா வாசலிலேயே நின்றாள். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

சரி, வந்துவிட்டது. இனி அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு பிரபு சாக வேண்டும், அதுவும் மனைவி கர்ப்பமாக இருக்கும்போது. வேறொரு நிலத்தில் புதிதாக ஆட்டம் தொடங்கி, ஒரு வாலிபனுக்குக் கல்யாணம் செய்துவைத்து, மனைவி பக்கத்தில் அந்தச் சின்ன அடையாளம் வந்ததும் அவனைப் போருக்கு அனுப்பினேன். முப்பது பேரைக் கொடுத்து ஆயிரம் பேருக்கு எதிராக.

"பாவம் புள்ள, அவ மாசமா இருக்கா," என்றாள் அம்மா.

"அதுக்காகத்தானே அனுப்புறோம்."

அவன் ஜெயித்துவிட்டு வந்தான். மலைக் கணவாயில் எதிரியை மடக்கிவிட்டானாம். அவனுக்கு வீரன் என்று பட்டம் வேறு கொடுத்தார்கள். அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அந்தப் பிள்ளை தங்காமல் போகவே, அடுத்த கர்ப்பத்துக்குத் திரும்ப அனுப்பினேன். காயத்தோடு பிழைத்து வந்தான், அந்தப் பிள்ளையும் தங்கவில்லை. மூன்றாவது முறை அவன் கிளம்பும்போது அம்மாவே அவனிடம், போ ராசா, இந்தத் தடவை எங்களுக்காகப் போ என்று சொன்னாள். அந்தப் போரில் அவன் விழுந்தான்.

திரையில் அவன் முகம் மறைந்தது. வேறு முகம் எதுவும் வரவில்லை. முகம் இருந்த இடத்தில் வெறும் படச்சட்டம் மட்டும் இருந்தது. அதற்குள் ஒன்றும் இல்லை. கீழே ஒரு வரி: வாரிசு எதிர்பார்க்கப்படுகிறது.

நான் மாதங்களை ஓட்டினேன். ஒரு மாதம். இரண்டு மாதம். பிறக்கப்போகும் பிள்ளையின் சித்தப்பன் படையைத் திரட்டிக்கொண்டிருந்தான், ஆனால் அவனால் எதையும் தொட முடியவில்லை. அம்மாவின் கை என் தோளை இறுக்கியது. ஐந்தாவது மாதம் செய்தி வந்தது.

பெண் குழந்தை.

அடுத்த நொடியே படச்சட்டத்துக்குள் சித்தப்பனின் முகம் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த நிலத்துச் சட்டப்படி பெண்ணுக்கு வாரிசுரிமை இல்லை. நான் அம்மாவைப் பார்க்கவே பயந்தேன்.

"அங்கன பொண்ணுக்கு ஒண்ணுமே கிடையாதா?"

"இந்தச் சட்டத்துல கிடையாதும்மா."

"நீ பொறந்தப்ப, பொண்ணுன்னாலும் உனக்குப் பாதித் தோட்டமாவது குடுத்தாக," என்றாள். பிறகு என் தலையில் லேசாகத் தட்டினாள். "சரி, அவுக விதி அவுகளுக்கு. காத்திருந்தாகள்ல, அதுதான் வேணும். இன்னொருக்கா போடு."

இன்னொரு முறை போட்டோம். இந்தத் தடவை அம்மாவே மவுஸைப் பிடித்துக்கொண்டாள். பிரபு முதல் போரிலேயே போய்ச் சேர்ந்தான். வெறும் படச்சட்டம். ஏழு மாதம் காத்திருந்தோம். வெளியே காற்று கதவைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது, எந்த நேரமும் கரண்ட் போகலாம். போகவில்லை. திரையில் ஒரு துணிக்குள் சுற்றிய குழந்தையின் முகம் வந்தது. அதன் தலைக்கு மேல் பிரபுவின் மகுடம். வயது பூஜ்யம். அவனுக்குப் பதிலாக ஆட்சியை நடத்துபவர் என்ற இடத்தில் அவன் தாயின் பெயர்.

அம்மா சத்தமே போடவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நான்தான் கத்தினேன். தெருவில் இரண்டு வீட்டுக் கதவு திறந்தது. அம்மா வழக்கம்போலத் திரையின் மேல் சேலையை வீசினாள், ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு.

விளையாட்டு சொன்ன தேதிக்கு இரண்டு வாரம் தள்ளி வெளிவந்தது. எங்களுக்கும் ஒரு பெட்டி வந்தது. அம்மாவே கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தாள். உள்ளே கையேட்டின் கடைசிப் பக்கத்தில், சோதித்தவர்கள் பட்டியலில் என் பெயர் இருந்தது. அதற்கு அடுத்த வரியில் அம்மாவின் பெயர், ஃபேக்ஸில் போனதை யாரோ எழுத்துக்கூட்டி இங்கிலீஷில் மாற்றிப் போட்டிருந்தார்கள். ஒரு எழுத்துத் தப்பு. அதனால் என்ன என்றாள். நான் படித்துக் காட்டக் காட்ட, இன்னொரு தடவை படி என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அந்த வாரமே அவளை பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப்போனேன். அண்ணன் ஃபேனை எங்கள் பக்கம் திருப்பிவிட்டார். ஆட்டக்காரர்களின் பக்கம் பற்றி எரிந்துகொண்டிருந்தது. உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் தங்கள் மகன்களைப் பற்றியும் மருமகள்களைப் பற்றியும் எழுதித் தள்ளியிருந்தார்கள். ஒவ்வொன்றாக அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். நடுவில் ஒருவன் கொதித்துப்போய் எழுதியிருந்தான். என் அண்ணன் செத்துவிட்டான், நிலம் எனக்கு வர வேண்டும், ஆனால் அண்ணி கர்ப்பமாம், மாதக்கணக்கில் ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன், இந்த முட்டாள்தனமான விதியை யார் கண்டுபிடித்தது என்று கேட்டிருந்தான்.

அதை அம்மாவிடம் அப்படியே சொன்னேன். முட்டாள்தனம் என்ற வார்த்தையையும் சேர்த்துத்தான். சென்டர் அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார், நானும் பார்த்தேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து தலைமுக்காட்டைச் சரிசெய்தாள்.

"எழுது. வயித்துல இருக்கதும் ஒரு ஆளுதான், பொறக்குற வரைக்கும் பொறுங்கன்னு எழுது. மரியாதையாவே எழுது."

எழுதினேன். அவன் பதில் போடுகிறானா என்று பார்க்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கலாம் என்று அம்மாதான் சொன்னாள். அண்ணன் மூன்று டீ சொல்லிவிட்டு வந்து எங்கள் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.